சின்யோராவின் இசைத்தட்டில் என் பங்கு

பதற்றத்தில் நான் செய்த எந்த வேலையும் உருப்பட்டதில்லை. நிதானமாகச் செய்தவையும் பெரிதாக உருப்படவில்லைதான்; ஆனால் அவற்றுக்குத் தீயணைப்பு வண்டி வரவில்லை.

ஆறு வருடத்துக்கு முந்திய கதை. இத்தாலியின் பலெர்மோவில் லிபெர்த்தா வீதிப் பக்கம், நாலாம் மாடியில், சின்யோரா அகத்தா வீட்டில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். கூட்டுவது, சமைப்பது, மருந்து எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. சின்யோரா என்றால் அம்மையார்; வயது எழுபத்து நாலு. சுவரெல்லாம் அவருடைய பழைய படங்கள்: குடை விரித்த மாதிரித் தலைமுடி, மீன் செதிள் போல மின்னும் சட்டை, கையில் மைக். ஐம்பது வருடமாக 'சோல்' பாடுகிறவராம். கறுப்பின அமெரிக்கர்களின் பாட்டு அது. துறைமுகத்துக்கு வந்த கப்பல்காரர்களிடம் இசைத்தட்டு வாங்கிக் கேட்டுக் கேட்டே பழகினாராம். உல்லாசக் கப்பல்கள், ஹோட்டல்கள், ஒருமுறை தொலைக்காட்சி. பிறகு இருபது வருடம் ஒருவரும் கூப்பிடவில்லை.

(சோல் என்றால் என்னவென்று எனக்கு அப்போது தெரியாது. முதல் வாரம் அவர் குளியலறையில் பாடிப் பழகியபோது, விழுந்துவிட்டார் என்று நினைத்துக் கதவை உடைக்கப் போனவன் நான். எங்கள் மன்னாரில் பெரிய வெள்ளிக்கு ஒப்பாரி போலப் பசாம் பாடுகிறவர்கள்கூட இடைக்கிடை மூச்சு விடுவார்கள்.)

அப்படியிருக்க, மிலானோவிலிருந்து ஒலிப்பதிவாளர் ஒருவர் வந்து நின்றார். சின்யோராவின் பழைய தட்டொன்றைச் சந்தையில் கண்டெடுத்தாராம்; புதிதாக ஒன்று போட வேண்டுமாம். வீட்டு லிஃப்ட் பழுது. "படி இறங்கி ஸ்டூடியோவுக்கு வரமாட்டன், ஸ்டூடியோ இஞ்சை வரட்டும்," என்றார் சின்யோரா. வந்தது. ஒரே ஒரு சனிக்கிழமை. ஓர்கன்காரர், பேஸ்காரர், டிரம்ஸ்காரர் மூவரும் அன்று மாலைக் கப்பலில் திரும்ப வேண்டும்.

வெள்ளிக்கிழமையே, ஸ்கூட்டர் சத்தம் உள்ளே வராதபடி ஹால் ஜன்னல்களை மெத்தைகளால் அடைத்து டேப் ஒட்டினோம். வீடு ரொட்டி சுடும் போறணை போல வெந்தது. பாவம், சின்யோரா அவியப் போகிறாரே என்று அவருடைய படுக்கையறை ஏசியைப் பதினாறில் போட்டேன். நல்ல எண்ணம்தான். பிறகு என் வீடிருக்கிற சீசாப் பகுதிக்குப் போகிற பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினேன். வீட்டுக்கு வந்து காற்சட்டைப் பையைத் தட்டினால், ரிமோட்.

சிசிலிக்காரருக்குப் பூகம்பத்துக்கு இல்லாத பயம் குளிர்காற்றுக்கு உண்டு. அடுத்த நாள் விடிந்ததும் ஓடிப் போனேன். சின்யோரா மூன்று போர்வைக்குள் சுருண்டு கிடந்தார். சத்தமில்லாமல் ஏசியை நிற்பாட்டி, ரிமோட்டைத் தலையணைக்குக் கீழே செருகினேன். அவர் எழும்பி வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது.

அடுத்த மாதம் நான் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் குவெஸ்தூரா பொலிஸ் கந்தோருக்குப் போக வேண்டும். அதற்கு வேலை ஒப்பந்தத்தில் சின்யோராவின் கையெழுத்து வேண்டும். இருபது வருடத்துக்குப் பிறகு கிடைத்த ஒரேயொரு நாளைக் கெடுத்தவனுக்கு யார் கையெழுத்துப் போடுவார்?

ஒலிப்பதிவாளர் மணிக்கூட்டைப் பார்த்தார். "பதினொண்டுக்குள்ள குரல் வராட்டி நாங்கள் சாமானைக் கட்டவேண்டியதுதான்."

அந்த நேரத்தில் என் மூளை வேலை செய்தது. (அது வேலை செய்யும் நாட்களில்தான் எனக்கு ஆபத்து.) "சின்யோரா, இது கண்ணூறு! நேற்று உங்கட பழைய கோரஸ்காரி இனிப்புப் பெட்டியோட வந்து, 'இந்த வயசிலும் என்ன குரல்' எண்டவவெல்லோ?" என்றேன். பாவம் அந்த மனுசி, நல்ல இனிப்பு. அதில் பாதி தின்றவனும் நான்தான்.

கண்ணூறு சிசிலியிலும் உண்டு. தட்டில் தண்ணீர் விட்டு எண்ணெய்த் துளி போட்டுப் பார்ப்பார்கள். "எங்கட முறை இன்னும் பலமானது," என்றேன். சின்யோரா என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு, செய் என்று கையைக் காட்டினார்.

மனைவி ஜெசிந்தாவுக்குப் போன் போட்டேன்.

"இஞ்சரப்பா, செத்தல் மிளகாயும் உப்பும் கடுகும் எடுத்துத் தலையை மூண்டுதரம் சுத்துங்கோ. பிறகு நெருப்பிலை போடுங்கோ. மிளகாய்க் கார் மணக்காட்டிக் கண்ணூறு இருந்திருக்கெண்டு அர்த்தம். ஆனா..."

"ஓம், ஓம், தெரியும்!" என்று வெட்டினேன்.

மைக்குக்கு முன்னால் சின்யோராவை இருத்தி, சுற்றி, சின்னக் காஸ் அடுப்பில் தாச்சியைக் காயவைத்து எல்லாவற்றையும் கொட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் மணக்கவில்லை. "பாத்தீங்களா! கண்ணூறேதான்!" என்று பெருமையில் இன்னொரு பிடி மிளகாயும் போட்டேன்.

அதற்குப் பிறகு மணந்தது.

டிரம்ஸ்காரர் டிரம்முக்குப் பின்னால் மறைந்தார். பேஸ்காரர் தன் தாயைக் கூப்பிட்டார். நான் தாச்சியில் தண்ணீரை ஊற்றினேன். புகை இரண்டு மடங்காயிற்று. ஜன்னல் மெத்தையைப் பிய்த்துத் தள்ளினேன்; அது கீழ்மாடி பால்கனியில், காலைக் கோப்பி குடித்துக்கொண்டிருந்த வக்கீலின் மேசையில் இறங்கியது. அண்ணாந்து பார்த்தவர் புகையைக் கண்டு தீயணைப்புக்குப் போன் அடித்துவிட்டார்.

உள்ளே சின்யோரா இருமினார். கதிரை ஆட, கண்ணும் மூக்கும் ஒழுக, வயிற்றிலிருந்து இருமினார். நான் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். திடீரென நிமிர்ந்து, என்னைப் பார்த்து, சுவர்ப் படங்கள் அதிரக் கத்தினார்:

"வெளிய போடா கழுதை!"

எல்லோரும் உறைந்தோம். குரல்!

ஓர்கன்காரர் கண்ணை மூடியபடியே விசையை அழுத்தினார். சின்யோரா பாடத் தொடங்கினார். கரகரத்த, அழுத, பாதி இருமலான குரல். ஒலிப்பதிவாளர் ஈரத் துவாயால் முகத்தை மூடிக்கொண்டு கையை உயர்த்தினார். ஒருவரும் அசையக் கூடாது. சிவப்பு விளக்கு எரிந்தது. சோல் என்றால் என்ன என்பது எனக்கு அன்றைக்கும் விளங்கவில்லை. ஆனால் மிளகாய்ப் புகையில் அழுகிறேனா, பாட்டுக்கு அழுகிறேனா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் நின்றேன்.

படியேறி வந்த தீயணைப்புக்காரர் நாலு பேரும் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றார்கள். கடைசிச் சுரம் மெல்லத் தேய்ந்தது. மூன்று நிமிடமாக மூக்கைப் பொத்தி வைத்திருந்த நான் தும்மினேன். அதோடு விட்டேனா? "அந்தோனியாரே!" என்று கூப்பிட்டும் வைத்தேன்.

அப்போதுதான் போனில் ஜெசிந்தாவின் செய்தி வந்தது: "ஆனா, வெளியிலை வைச்சுச் செய்யுங்கோ."

சின்யோரா அடுத்த கிழமையே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுத் தந்தார். கோபமா, சந்தோசமா? எனக்கு ஒரே குழப்பம். மூன்று மாதம் கழித்துத் தட்டு வந்தது. அந்தப் பாட்டுத்தான் முதல் பாட்டு. தும்மலையும் அந்தோனியாரையும் வெட்டக்கூடாது என்றாராம். உறையின் பின்பக்கத்தில் கலைஞர்களின் பட்டியல்: குரல், ஓர்கன், பேஸ், டிரம்ஸ். கடைசி வரியில், "புகையும் குளிரும்: எதுவார்தோ."

எட்வேட் என்ற என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

"புகை சரி, சின்யோரா. குளிர்?"

"அண்டைக்கு இரவு முழுக்க ரிமோட்டைத் தேடினன், எதுவார்தோ. கட்டிலுக்குக் கீழயும் தவழ்ந்து பாத்தன். விடியக் கண் முழிச்சா, தலையணைக்குக் கீழ ஒரு கை வருது."

"தெரிஞ்சுகொண்டு ஏன் பேசாமல் இருந்தனீங்கள்?"

"பேசக் குரல் எங்கை இருந்தது?"

இப்போது சின்யோராவுக்கு எண்பது. அடுத்த தட்டுக்குத் தயாராகிறார். பதிவுக்கு முதல்நாள் என் பைகளைச் சோதித்துத்தான் வீட்டுக்கு அனுப்புவாராம். சீசாவில் எங்கள் வீட்டிலும் நிலைமை அதுதான். நான் ஃபானையோ லைட்டையோ நிற்பாட்டாமல் வெளிக்கிட்டால், மகள் வாசல்வரை துரத்தி வந்து கேட்பாள்:

"பப்பா, புதுத் தட்டு ஏதும் வருதோ?"