டைனோசர் பாக்கப் போனோம், பத்திரிகை வெச்சோம்

போன சனிக்கெழம பாலக்கோட்டுல இருந்து ஒரு டைனோசர் மியூசியத்துக்குக் கெளம்புனோம்.

பெரம்பலூரத் தாண்டி, ஆள் நடமாட்டமே இல்லாத எடத்துல இருக்கு. டைனோசர் எலும்பு, கல்லாப்போன முட்டை எல்லாம் வெச்சிருக்காங்களாம். மூணாவது படிக்கிற எம்பொண்ணு யாழினி அதைப் பத்தி எழுதி திங்கக்கெழம குடுக்கணும். மத்த புள்ளைங்க போன்ல பாத்து எழுதுதுங்க. இவ மட்டும், "எங்கப்பா நேர்லயே கூட்டிட்டுப் போறாரு"ன்னு கிளாஸ் முழுக்கச் சொல்லிட்டா.

நானாவது வாயை வெச்சுட்டு சும்மா இருந்தனா? "அப்பா சொன்னா சொன்னதுதான்டி"ன்னுட்டேன்.

மியூசியம் சாயங்காலம் அஞ்சு வரைக்கும். காலையில ஆறரைக்குக் கெளம்புனா மதியத்துக்குள்ள போயிரலாம். அப்படித்தான் நெனச்சேன், மடையன்!

வண்டியில ஏறுறப்ப எம்பொண்டாட்டி கையில ஒரு பை. உள்ள தாம்பாளம், வெத்தல பாக்கு, மஞ்ச தடவுன கல்யாணப் பத்திரிகை. அவ தம்பிக்கு அடுத்த மாசம் கல்யாணம்.

"மூணே மூணு வூடுதாங்க. எல்லாம் போற வழிதான்."

"குடுத்தமா, வந்தமான்னு இருக்கணும் கவிதா."

"பின்ன, அங்கயே குடியா இருக்கப் போறோம்?"

மொத வூடு அதியமான்கோட்டை. சித்தி இருந்தாங்க, சித்தப்பா இல்ல.

"தோட்டத்துக்குத் தண்ணி கட்டப் போயிருக்காருங்க மாப்ள. இப்ப வந்துருவாரு."

பத்திரிகைய புருசனும் பொண்டாட்டியும் ஒண்ணா நின்னுதான் வாங்கணும். ஒத்தைல நீட்டுனா கல்யாணத்துக்கே வரமாட்டாங்க. இட்லி சாப்புட்டோம். மறுபடியும் இட்லி சாப்புட்டோம். சேறுங் காலுமா சித்தப்பா வந்து சேந்தப்ப மணி எட்டே முக்கா.

அடுத்து நல்லம்பள்ளி, பெரியம்மா வூடு. ரெண்டு பேரும் வாசல்லயே நின்னாங்க. அப்பாடான்னு தாம்பாளத்த எடுத்தேன். பெரியம்மா பதறிப் போயிட்டாங்க.

"அய்யய்யோ, ராவுகாலம்! பத்தரைக்கு மேல குடுங்க."

பத்தரைக்குக் குடுத்தோம். எந்திரிச்சா, "ஒப்பிட்டுக்குப் பருப்பு வெந்துட்டு இருக்கு, சாப்புடாமப் போனா எப்படி?"ன்னாங்க. ஒப்பிட்டுன்னா நம்ம போளிதான். நாலு தின்னேன். கோவத்துலதான் தின்னேன்.

யாழினி எங்காதுல வந்து, "அப்பா, டைனோசர் இன்னும் எவ்ளோ தூரம்?"னு கேட்டா.

"பக்கம்தான் கண்ணு."

ஆத்தூருல மாமா வூடு. மாமா இருக்காரு, அத்தை இருக்காங்க, ராவுகாலம் முடிஞ்சு போச்சு. இனி எவன் தடுப்பான்?

மாமா காலண்டரப் பாத்தாரு.

"இப்பத்தான் எமகண்டம் ஆரம்பிச்சிருக்கு மாப்ள. மூணு மணிக்கு மேல நல்லா இருக்கு. எலை போடச் சொல்றேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துல அந்தக் காலண்டரக் கிழிச்சுப் போட்டுருப்பேன். ஆனா ரசம் நல்லா இருந்துச்சு.

மியூசியம் வாசல்ல வண்டிய நிறுத்துறப்ப மணி அஞ்சரை. கேட்டுல பூட்டு.

"அஞ்சு மணியோட சரிங்க சார். நாளைக்கு வாங்க"ன்னாரு வாட்ச்மேன்.

"பாலக்கோட்டுல இருந்து வர்றோம்ண்ணே! புள்ள ஆசையா வந்துச்சு."

"அவ்ளோ தூரத்துல இருந்தா? அடடா! ஆனா சாவி எங்கிட்ட இல்லைங்களே. உள்ள தோட்டத்துல ஒரு பெரிய டைனோசர் சிலை இருக்கு. கேட்டு வழியா அதையாவது போட்டோ எடுத்துக்குங்க."

எனக்குப் போன உயிர் வந்துச்சு. போனைத் தூக்குனேன். அதுக்குள்ள கவிதா உருகிட்டா.

"எவ்ளோ தங்கமான மனுசன்! அண்ணா, எந்தம்பி கல்யாணத்துக்கு நீங்க குடும்பத்தோட வந்துரணும்."

தாம்பாளம் வெளிய வந்துருச்சு. என்னைய அதைப் பிடிக்கச் சொல்லிட்டா.

வாட்ச்மேன் கை நீட்டல. "ஒரு நிமிசம் தங்கச்சி. எஞ்சம்சாரம் மாடு பிடிச்சுக் கட்டப் போயிருக்கு. கூட்டிட்டு வந்துர்றேன். ரெண்டு பேருமா நின்னு வாங்குறதுதானே மொறை?"

அவங்க வர்ற வரைக்கும் தாம்பாளத்தக் கீழ வெக்கக் கூடாதுன்னுட்டா கவிதா. ரெண்டு பேருமா நின்னு வாங்குனாங்க. டீ குடுத்தாங்க. நான் திரும்பி கேட்டு வழியாப் பாத்தா, ஒரே இருட்டு. போட்டோவுல கேட்டுக் கம்பிதான் விழுந்துச்சு.

யாழினி அழல. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சு.

ஞாயித்துக்கெழம அவளே உக்காந்து எழுதுனா. நேத்து நோட்டு திரும்பி வந்துச்சு. 'டைனோசர்கள் ஏன் அழிந்தன?'ங்கற கேள்விக்கு எம்பொண்ணு எழுதியிருக்கா: 'போகும் வழியில் எல்லாச் சொந்தக்காரர் வீட்டுக்கும் போயிருக்கும்.'

மிஸ் டிக் போட்டிருக்காங்க.