குணம் மாறாத குடியிருப்பு

ஓர்னெல்லா பவனெல்லோவின் கேள்வித்தாள் அளவுக்கு மீறித் தேறிவிட்டது. அதுதான் சிக்கல்.

மனிதரின் குணத்தை அளக்கும் ஆங்கிலக் கேள்வித்தாள் ஒன்றை, ஒரு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு இத்தாலிய மொழிக்குக் கொண்டுவந்திருந்தாள். மொழிபெயர்ப்பை நம்பலாமா என்று பார்க்க, அதே ஆட்களிடம் ஒரு மாதம் கழித்து மறுபடியும் கொடுக்க வேண்டும். பதில்கள் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். மாணவர்கள் என்றால் அடுத்த மாதம் கடற்கரைக்குப் பறந்துவிடுவார்கள். அதனால் பாதுவா ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஓய்வு பெற்றவர்கள் நிறைந்த ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தைப் பிடித்தாள்.

"பல்கலைக்கழகத்துலேர்ந்து வர்றேன். இப்ப கேட்கிறதையே அடுத்த மாசமும் வந்து கேட்பேன்" என்றாள். அங்கே குடியிருந்த அறுபது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, மறுபேச்சில்லாமல் சம்மதித்தார்கள்.

அடுத்த மாதம் பதில்கள் ஒத்துப்போயின. ஏறக்குறைய அல்ல; இம்மி பிசகாமல்.

அவளுடைய பேராசிரியர் ஸ்தெக்கினி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"என்னம்மா இது? எனக்கே காப்பிக்கு முன்னாடி ஒரு குணம், காப்பிக்குப் பின்னாடி ஒரு குணம். உன் ஆளுங்க மட்டும் கல்லுல செதுக்கி வெச்ச மாதிரி இருக்காங்களே?"

"நல்லா ஞாபகம் வெச்சிருக்காங்க போல, சார்."

"இதை அப்படியே அனுப்பினா, நீயே வீட்ல உட்கார்ந்து எழுதினேன்னு சொல்வாங்க. கோடை முடிஞ்சதும் உன் வேலையை நீட்டிக்கணும்னு நான் வேற எழுதியாகணும்."

ஓர்னெல்லா கேள்விகளைக் கலைத்துப்போட்டு, முதல் கேள்வியைக் கடைசிக்கும் கடைசியை நடுவுக்கும் கொண்டுபோனாள். பதில்கள் அசையவில்லை.

பிறகு கேள்விகளையே திருப்பிப் போட்டாள். 'எனக்குச் சட்டென்று கோபம் வரும்' என்பது 'எனக்கு எளிதில் கோபம் வராது' என்று ஆனது. பதில்களும் கச்சிதமாகத் திரும்பிக்கொண்டன. மூன்றாம் மாடி அர்மீதோ, "இந்த மூக்குக் கண்ணாடியை எங்கடி வெச்சுத் தொலைச்சே" என்று மனைவியிடம் கத்திக்கொண்டே, 'நான் குரலை உயர்த்துவதில்லை' என்ற வரிக்கு நேராக 'முற்றிலும் உண்மை' என்று குறித்ததை அவளே கண்ணால் பார்த்தாள்.

"கொஞ்சம் யோசிச்சு எழுதுங்களேன்" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

"யோசிச்சுத்தான் எழுதறேன், டாக்டரம்மா. போன தடவை என்ன எழுதினேன்னு யோசிச்சு."

இந்த முறை ஸ்தெக்கினி சந்தேகத்தை மறைக்கவில்லை. "நானே வர்றேன். என் கண் முன்னாடி எழுதட்டும்" என்றார்.

கட்டடத்தின் கீழ்த்தளக் கூடத்தில் ஆளுக்கொரு மேசை போட்டார்கள். ஸ்தெக்கினி கறுப்புக் கோட்டும் கழுத்துப்பட்டையுமாக வந்து, எல்லாருக்கும் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். குடியிருப்பவர்களோ ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகிற உடையில் இறங்கி வந்திருந்தார்கள்.

அர்மீதோ கை தூக்கினார். "ஐயா, எழுந்து நின்னு எழுதணுமா?"

"உட்கார்ந்தே எழுதுங்க" என்றார் ஸ்தெக்கினி.

சீக்கிரமே எழுதி முடித்துவிட்டார்கள். ஓர்னெல்லா அங்கேயே கணினியில் பதில்களை ஏற்றினாள். கணக்குப் போட மறுத்து அது ஏதோ பிழை என்றது. மறுபடியும் போட்டாள். மறுபடியும் பிழை. ஸ்தெக்கினி தாள்களைக் கையில் வாங்கிப் புரட்டினார். இப்போது அவரவர் தனித்தனியாக முன்பு சொன்னதைக்கூட விட்டுவிட்டார்கள். அறுபது பேரும் ஒரே பதிலைச் சொல்லியிருந்தார்கள்; ஆளுக்கு ஆள் வித்தியாசமே இல்லாததால்தான் கணினியால் ஒப்பிட முடியவில்லை. யாருக்கும் கோபம் வராது. யாரும் பொய் சொன்னதில்லை. அண்டை வீட்டாரை நேசிக்காதவர் அந்தக் கட்டடத்திலேயே இல்லை.

"மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே குணமா?" என்றார் தாழ்ந்த குரலில். "முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். இவங்களுக்கு நீ என்னம்மா சொல்லிக் கொடுத்தே?"

"ஒண்ணுமே சொல்லிக் கொடுக்கலை, சார்."

"நாளைக்கு என் அறைக்கு வா. வேலை விஷயமாப் பேசணும்."

அவர் கோட்டைச் சரிசெய்துகொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். ஓர்னெல்லா கணினியை மூடினாள். ஒரு வருட உழைப்பு. நல்ல மொழிபெயர்ப்புதான், அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. தாள்களைப் பைக்குள் திணித்தாள்.

ஐந்தாம் மாடி இயோலாந்தா அம்மாள் மெல்ல வந்து அவள் முழங்கையைத் தொட்டாள். பேராசிரியரின் முதுகை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"யார் வந்து எப்படி மாத்தி மாத்திக் கேட்டாலும் முன்னே சொன்னதையே சொல்லணும், ஜட்ஜையா முன்னாடி மட்டும் எல்லாரும் ஒரே வாயா சொல்லணும்னு எங்க வக்கீல் சொன்னபடியே சொல்லிட்டோம் டாக்டரம்மா, ஜட்ஜையா இந்தத் தடவையாவது எங்க லிஃப்ட் கேசுக்குத் தீர்ப்பு கொடுத்துடுவாரா?"