சலங்கை அண்ணாச்சியும் என் இருபத்தாறு மைலும்

திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் மகாராஜாவின் வண்டிக்கு அடுத்தபடியாக ஊரே ஒதுங்கி வழிவிட்டது ஒரே ஒரு மனிதருக்குத்தான். மகாராஜாவாவது எங்கள் பக்கம் எப்போதோ ஒருமுறைதான் வருவார். சலங்கை அண்ணாச்சி தினமும் வருவார்.

தக்கலை அஞ்சலாபீஸிலிருந்து குலசேகரத்துக்குத் தபால் பை சுமந்து ஓடுவது அவர் உத்தியோகம். தோளில் பை, கையில் சலங்கை கட்டிய கோல், முழங்காலுக்கு மேல் வரிந்து கட்டிய வேட்டி. ‘ஜல் ஜல்’ என்று சத்தம் கேட்டால் மாட்டுவண்டி ஓரம் கட்ட வேண்டும். ஆட்டு மந்தை ஒதுங்க வேண்டும். கல்யாண ஊர்வலமானாலும் நடுவில் பிளந்து நிற்க வேண்டும். சர்க்கார் சட்டம் அது. எங்கள் ஊர்க் குழந்தைகள் முதலில் நடக்கப் பழகுவார்கள்; அடுத்தபடியாகச் சாலையிலிருந்து ஓரத்துக்குக் குதிக்கப் பழகுவார்கள். அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஒன்று ஆபீஸ் புத்தகத்தில் இருக்கத்தான் செய்யும். அதைப் போய்ப் பார்த்தவர் எவருமில்லை.

சர்க்கார் பை வழியில் நிற்கக் கூடாது என்பது அண்ணாச்சியின் வேதம். அவரோடு பேச வேண்டுமானால் கூடவே ஓட வேண்டும். அவருக்குப் பெண் கொடுத்த மாமனார் ஒன்றரை மைல் கூட ஓடித்தான் சம்பந்தம் பேசினாராம். சீர்வரிசைப் பேச்சு வரும்போது மனிதருக்கு மூச்சு முட்டிவிட்டது. கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டிவிட்டார் என்று கேள்வி.

கூட ஓட முடியாதவர்களுக்குப் போகும்போது பாதி வாக்கியம், திரும்பும்போது பாதி. ஒருநாள் காலையில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், “ஏட்டி, தக்கலைச் சந்தையில வச்சு உன் மாப்பிள்ளைக்கு...” என்று சொல்லிக்கொண்டே வளைவில் மறைந்துவிட்டார். அவள் மாரில் அடித்துக்கொண்டு ஊரைக் கூட்டினாள். நாலு பேர் தக்கலைக்கு ஓடினார்கள். சாயங்காலம் அண்ணாச்சி திரும்பி வரும்போது மீதி வந்தது: “...நல்ல வேட்டி ஒண்ணு மலிவாக் கிடைச்சுது, கேட்டியா!”

ஊரார் இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வராது. அந்த மனிதரைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும்.

காரணம் என் மகள் தங்கம். நான் திருவனந்தபுரத்தில் பி.ஏ. முடித்து, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகத் திரும்பியபோது அவளுக்கு ஒன்றரை வயது. என்னைக் கண்டதும் வீரிட்டாள். மீசையை எடுத்தேன், இன்னும் பலமாக வீரிட்டாள். மரப்பாச்சி வாங்கிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு அழுதாள். ஆனால் காலை பத்தரை மணிக்கு ‘ஜல் ஜல்’ கேட்டதோ இல்லையோ, வாயில் இருக்கும் சோற்றைத் துப்பிவிட்டு, பாதி தவழ்ந்தும் பாதி நடந்தும் வாசலுக்குப் பறப்பாள். “ஜல்! ஜல்!” என்று இரண்டு கையையும் நீட்டிக் குதிப்பாள். அவள் பேசிய முதல் வார்த்தையே அதுதான். ‘அப்பா’ இரண்டாவது வார்த்தையாகக்கூட வரவில்லை. இரண்டாவது வார்த்தை ‘காக்கா.’

“அவளுக்கு ஓடுகவங்களைக் கண்டாத்தான் இஷ்டம்,” என்றாள் என் மனைவி. “நீங்க ஒரே இருப்பா இருந்து புஸ்தகம்லா வாசிக்கிய!”

ஓடுகிறவன்தானே வேண்டும்? ஓடிக் காட்டுகிறேன் என்று எழுந்தேன்.

அப்போது ஐரோப்பாவில் நடக்கும் மாரத்தான் ஓட்டத்தைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. எங்கள் வாலிபர் சங்கத்துக்கு நான்தான் காரியதரிசி. ஒரே கூட்டத்தில் தீர்மானம் போட்டுவிட்டேன். கன்னியாகுமரியில் புறப்பட்டு, நாகர்கோவில், தக்கலை வழியாக, குலசேகரம் சாலையில் நாலு மைல் தள்ளியிருக்கும் எங்கள் ஊரில் முடிவு. இருபத்தாறு மைலும் கொஞ்சமும். அந்தக் ‘கொஞ்சம்’ எதற்கு என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஐரோப்பாவில் இருப்பதால் நாங்களும் வைத்துக்கொண்டோம். முடிவுக் கோட்டில் மனைவி குழந்தையோடு நிற்பாள். நான் கோப்பையோடு கையை நீட்டுவேன். தங்கம் என்னிடம் தாவி வருவாள். இவ்வளவுதான் என் திட்டம்.

கான்வாஸ் சப்பாத்து வாங்கினேன். இங்கிலீஷ் புத்தகம் ஒன்று தருவித்து, அதில் சொன்னபடி நெஞ்சை நிமிர்த்தி, மூக்கால் மூச்சு விட்டு ஓடிப் பழகினேன். பழங்கஞ்சி குடித்துவிட்டு, வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, வெறுங்காலோடு அண்ணாச்சி என்னைத் தினமும் கடந்து போனார்.

“என்ன சாரே, ஆரு வெரட்டிட்டு வாறா?”

“ஆரும் வெரட்டல்ல அண்ணாச்சி. பந்தயத்துக்குப் பழகுகேன். இருபத்தாறு மைல்.”

“பை எங்க?”

“பை கிடையாது.”

“பின்ன என்னத்தக் கொண்டு போறீரு?”

“ஒண்ணும் கொண்டு போகல்ல. சும்மா ஓட்டம்.”

“சும்மாவா!” அவர் ஓடிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். “பை இல்லாம ஓடுனா அங்கோட்டு உம்மை ஆரு எதிர்பாத்து நிப்பா?”

எதிர்பார்த்து நிற்க வேண்டியவளைத்தான் நீர் பறித்துக்கொண்டீரே என்று சொல்ல நினைத்தேன். மூக்கால் மூச்சு விடும்போது பேசக் கூடாது என்று புத்தகத்தில் போட்டிருந்தது.

பந்தயத்தன்று விடிந்தும் விடியாமலும் பதினோரு பேர் புறப்பட்டோம். சுசீந்திரத்தில் இரண்டு பேருக்குக் காப்பி ஞாபகம் வந்துவிட்டது. நாகர்கோவிலில் மூன்று பேருக்கு உறவினர் வீடு இருந்தது. வில்லுக்குறி தாண்டியதும் இரண்டு பேர் ஒரே தென்னை மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்கள். தக்கலையில் மிச்சம் நாலு பேர். முன்னால் நான்! எனக்குப் பின்னால் ரப்பர்த் தோட்டத்துக் குமாஸ்தா ஒருவர், பள்ளிக்கூட டிரில் மாஸ்டர், கடைசியாகப் பாண்டி நாட்டிலிருந்து, அதாவது பாளையங்கோட்டையிலிருந்து, வந்திருந்த ஒரு பையன்.

இன்னும் மூன்று மைல். கோப்பை என் கையில் இருப்பது மாதிரியே இருந்தது. அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

ஜல் ஜல்! ஜல் ஜல்!

பிறந்தது முதல் பழகிய கால்கள் புத்தியைக் கேட்டா நடக்கின்றன? நான் இடது பக்கம் குதித்தேன். குமாஸ்தா வலது பக்கம் குதித்தார். டிரில் மாஸ்டர், மாஸ்டர் ஆனபடியால், இரண்டு கையையும் உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு ஒழுங்காகக் குதித்தார். குமாஸ்தா போய் விழுந்தது வயல் சேற்றில். மாஸ்டர் விழுந்தது சாணிக் குழியில். நான் தாழம்புதரில், கைதை முள்ளில்.

பாளையங்கோட்டைப் பையனுக்குச் சலங்கையும் தெரியாது, சர்க்கார் சட்டமும் தெரியாது. மூன்று பேர் ஒரே சமயத்தில் எதற்காகச் சாலையை விட்டுப் பாய்ந்தார்கள் என்று ஒரு விநாடி விழித்தான். பிறகு நேரே ஓடினான். அப்படித்தான் எங்கள் கோப்பை பாண்டி நாட்டுக்குப் போயிற்று.

“எழும்பும் சாரே, எழும்பும்!” அண்ணாச்சி என்னைத் தாண்டிப் போய், அங்கிருந்தே கத்தினார்.

“போச்சே அண்ணாச்சி! கெடுத்துட்டீரே!” முள்ளோடு எழுந்து, நொண்டிக்கொண்டே அவரைப் பிடித்தேன். பிடிக்க முடிந்ததே ஆச்சரியம். அவர் ஓட்டம் நடைக்குச் சமமாக இறங்கியிருந்தது.

“பை நிக்கக் கூடாதுல்லா?” என்றேன் ஆத்திரத்தோடு.

“நிக்கத்தான் கூடாது. பைய நடந்தா அதுக்கு விதி ஒண்ணும் இல்ல. ஒரு கோப்பைக்கா இப்படிக் கண்ணு கலங்குகீரு?”

“கோப்பை ஆருக்கு வேணும்? என் பிள்ளை என்கிட்ட வாறதில்ல அண்ணாச்சி! அவளுக்கு நீருதான் வேணும். ஓடிக் காட்டுனாலாவது வருவாளான்னுதான்...”

மூக்கு, வாய் எல்லாவற்றாலும் மூச்சு விட்டுக்கொண்டு, இவ்வளவு நாள் வயிற்றில் எரிந்ததை முழுவதும் கொட்டிவிட்டேன். அவர் வெற்றிலையைத் துப்பினார்.

“எனக்கு அஞ்சு பிள்ளைய சாரே. நான் போகும்போதும் உறக்கம், வரும்போதும் உறக்கம். மூத்தவன் ஏழு வயசு வரைக்கும் என்னைய அஞ்சல்காரன்னுதான் விளிச்சான்.”

அதற்குள் ஊர் வந்துவிட்டது. குருத்தோலைப் பந்தலும் கூட்டமும் தெரிந்தன. பாளையங்கோட்டைப் பையனுக்கு மாலை போட்டு முடித்திருந்தார்கள். பந்தலுக்கு இப்பால், தனியாக, என் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். இன்னும் நாலு அடி போனால் சலங்கை கேட்கும், தங்கம் அவரைப் பார்த்துக் குதிப்பாள், நான் முள்ளும் புழுதியுமாகப் பக்கத்தில் நிற்பேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

சலங்கை கேட்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன். அண்ணாச்சி தலைத்துண்டை அவிழ்த்துக் கோலில் சுற்றி, சலங்கைகளைக் கொத்தாக உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்திருந்தார். சாலையின் அந்த ஓரமாக, கூட்டத்துக்குப் பின்னால், பூனை மாதிரி ஓடினார். சத்தம் இல்லாத அவரை ஒருவரும் கவனிக்கவில்லை, வழியும் விடவில்லை. இரண்டு பேர் அவரை இடித்துவிட்டு, “பாத்துப் போவே!” என்றுகூடச் சொன்னார்கள்.

சாலையில் அப்போது ஓடி வருகிறவன் நான் ஒருவன்தான்; குமாஸ்தாவும் மாஸ்டரும் பின்னால் எங்கோ சேறும் சாணியும் கழுவிக்கொண்டிருந்தார்கள். தங்கம் என்னை உற்றுப் பார்த்தாள். என் காதில் தொங்கிய கைதை ஓலையைப் பார்த்து முதலில் சிரித்தாள். பிறகு இரண்டு கையையும் நீட்டினாள். வாங்கிக்கொண்டதும் என் கால்கள் மடங்கிவிட்டன; இருவரும் நடுச்சாலையில் உட்கார்ந்தோம். அவள் இறங்கிப் போகவில்லை.

அன்று எங்கள் ஊரைக் கடக்கும்போது சலங்கை ஏன் ஒலிக்கவில்லை என்று ஆபீஸில் அவரிடம் விளக்கம் கேட்டார்களாம். “ரோட்டுல ஒதுக்கதுக்கு ஒரு ஆளும் இல்ல ஐயா,” என்றாராம் இந்த மனிதர். குறைந்தது இருநூறு பேர் நின்றிருந்தார்கள்! இப்படிப் பொய் சொல்லவும் எனக்கு வராதே என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.

தங்கம் இப்போது என்னை அப்பா என்கிறாள். சலங்கை கேட்டால் இன்னமும் என்னை உதறிவிட்டு வாசலுக்குத்தான் பறக்கிறாள். பறக்கட்டும். பத்தரை மணி தாண்டியும் ‘ஜல் ஜல்’ கேட்கவில்லையென்றால், அவளுக்கு முன்னால் நான் போய்ச் சாலையை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.