சம்பந்தியோடு கால் வெந்த ஞாயிறு

மரியாதைக்குரிய தமாயோ அக்காவுக்கு,

தம்பி யசுஹிகோ தலை வணங்கி எழுதுவது. மலையெல்லாம் இலை சிவந்துவிட்டது. உன் முழங்கால் வலி தேவலையா? நான் நலம், கணுக்காலுக்குக் கீழே தவிர.

நம் பெண் நாகிசா முப்பத்தெட்டு வயதில் வாய் திறந்து "இவரைத்தான்" என்று சொன்ன ரியோஹேயின் பெற்றோரைப் பார்க்க, போன ஞாயிறு அவர்களுடைய வெந்நீர் ஊற்று ஊருக்குப் போனோம். தாயில்லாப் பெண். நான் எதையாவது சொதப்பிக் காரியம் கெட்டுவிட்டால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன்? அந்தப் பயத்தில் முதல் நாளே சோறு இறங்கவில்லை.

பையனின் அப்பா மொமோசே, ஸ்டேஷன் வாசலிலேயே நின்றார். "விருந்து பன்னிரண்டு மணிக்குத்தான். அதுவரைக்கும் எங்க ஊர் ஆஷியுல காலை வையுங்க" என்றார். நாகிசா ரியோஹேயோடு விருந்துக்கு முன்னால் போய்விட்டாள். சாக்ஸைக் கழற்றி, பேன்டைச் சுருட்டி, நாங்கள் ரெண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து தெருவோர வெந்நீர்த் தொட்டியில் காலை விட்டோம். அம்மாடி, என்ன சூடு! "ஆஹா, சுகமா இருக்குங்க" என்றேன். பத்து நிமிடம் போதும் என்று பலகையில் எழுதியிருந்தது. ஆனால் அவர் ஊர்த் தண்ணீர் அல்லவா? அவருக்கு முன்னால் நான் காலை எடுத்தால் உங்க தண்ணி லட்சணம் இவ்வளவுதானா என்று கேட்ட மாதிரி ஆகாதா? இருந்தேன். அவரும் அசையவில்லை. பெருமூச்சு விட்டுப் பார்த்தேன். "நிதானமா இருங்க" என்றார். சரிதான், மனுஷர் பெரிய ரசிகர் என்று நினைச்சு, "எனக்கென்ன அவசரம்"னு சொல்லித் தொலைச்சேன். பக்கத்துல உக்காந்தவங்க எத்தனையோ பேர் வந்து போயிட்டாங்க. மணி ஒண்ணாச்சு. எனக்குக் கண்ணு இருட்டுது, அவர் மூஞ்சி தக்காளியா சிவந்து கிடக்கு.

கடைசியில் அவர் மனைவி தேடிக்கொண்டு வந்தார். "ஏங்க, விருந்தாளிய உயிரோட வேக வைக்கிறீங்களா?"

"நானா? அவரு எழுந்திரிக்காம நான் எப்படிடீ எழுந்திரிக்கிறது?"

"ஐயையோ, நான் உங்களுக்காகத்தாங்க இருந்தேன்!"

அந்தம்மா ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ண, ஒரே நேரத்துல காலை எடுத்தோம். நின்னா கால் தாங்கல. அவர் மேலேயே சாஞ்சு ரெண்டு பேரும் தரையில. கல்யாணம் தொலைஞ்சுதுன்னே நினைச்சேன். அவரோ கிடந்தபடியே வயிறு குலுங்கச் சிரிக்கிறார்! "இப்படி ஒரு சம்பந்தி யாருக்குக் கிடைப்பாங்க?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது, அக்கா.

பிறகு பக்கத்து கிளினிக்கில் நர்ஸ் ஆளுக்கொரு பேசினில் பச்சைத்தண்ணீர் வைத்தாள். கால் குளியலுக்கு, தெருவில் உட்கார்ந்தால் ஆஷியு என்று பேர், நர்ஸ் வைத்தால் சோகுயோகு என்று பேர். ஒரே நாளில் இரண்டும் ஆயிற்று. விருந்துதான் போயிற்று.

மனப்பாரம் இறங்கிவிட்டது. கல்யாணத்துக்கு இனி எந்தத் தடையும் இல்லை. நீ கிமோனோவை நிழலில் காற்றாடப் போட்டுவை. குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள். மூத்தவளாக இருந்து பிள்ளைகளை வாழ்த்து.

இப்படிக்கு,
தம்பி யசுஹிகோ

பின்குறிப்பு: உறை ஒட்டும்போது நாகிசா போன் செய்தாள். அவர்கள் ஜூன் மாதமே நகர அலுவலகத்தில் திருமணத்தைப் பதிவு செய்துவிட்டார்களாம்! "ஏண்டி, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று கத்தினேன். "விருந்துல சொல்லலாம்னுதான் இருந்தோம்ப்பா. நீங்க ரெண்டு பேரும் தண்ணிய விட்டு எழுந்திரிச்சாத்தானே!"