ஷாமியானா அண்ணாச்சி நட்ட பந்தக்கால்

அன்று அந்தத் தோப்பில் இருந்தவர்கள் சரியாக எட்டுப் பேர். ஷாமியானா அண்ணாச்சி, அவருடைய குடோனைப் பார்த்துக்கொள்ளும் நான், நிலத் தரகர், கம்பு நடுகிற இரண்டு ஆட்கள், பக்கத்தில் தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்துவிட்டு அண்ணாச்சி கூப்பிட்டதும் கை கழுவி வந்த மூன்று பெண்கள். முப்பது பேர் பார்த்ததாகப் பின்னால் சொன்னார்கள். நம்ப வேண்டாம். கூட்டம் சேர்ந்தால் என்ன ஆகுமோ என்று பயந்து தலைகளை எண்ணிக்கொண்டே நின்றவன் நான்.

தென்காசி மாவட்டம் முழுக்கச் சல்லடை போட்டாலும், 'முடியாது' என்ற சொல் காதிலேயே ஏறாத மனிதர் ஷாமியானா அண்ணாச்சி ஒருவர்தான். கல்யாணத்துக்கும் கோவில் கொடைக்கும் பந்தல் போடுவது தொழில். ஆனால் மே மாதம், ஊரே கல்யாண ஆர்டரோடு குடோன் வாசலில் நிற்கும்போது, ஷட்டரை இறக்கிவிட்டுக் குற்றாலத்துப் பக்கம் பிள்ளைகளுக்குப் பத்து நாள் கேம்ப் நடத்தப் போய்விடுவார். நீச்சல், சிலம்பம், சமையல், கயிற்றில் முடிச்சுப் போடுவது. செல்போன்களை எல்லாம் சாம்பார் அண்டாவில் போட்டு மூடி, மேலே அம்மிக்கல்லை வைத்துவிடுவார்.

அருவியில் சொட்டுத் தண்ணீர் இல்லாத மாதத்தில் குற்றாலத்தில் எதற்கு கேம்ப் என்று கேட்காதவர் இல்லை.

"தண்ணி விழுந்தா பிள்ளையளு அருவியையில்லா பாக்கும்? நான் சொல்லுதத எவன் கேப்பான்?" என்பார்.

ஒரு ஷாமியானாவில் இருபது பிள்ளைகளோடு தொடங்கியது அறுபது ஆயிற்று. அதற்கு மேல் அந்த இடம் தாங்காது என்று நான் சொல்லிக்கொண்டிருந்த வருஷமே இடத்துக்காரர் அதை மனைகளாகப் பிரித்து மஞ்சள் கல் நட்டுவிட்டார். அண்ணாச்சி அதற்குள் நூற்று நாற்பது பிள்ளைகளுக்கு 'வாங்க' என்று சொல்லி முடித்திருந்தார். இடமே இல்லை, பிள்ளைகள் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல். நோட்டில் எண்பது பெயரையாவது அடித்துவிடலாம் என்று கெஞ்சினேன்.

பேனாவை எடுத்தார். "நீயே பேரைப் படிலே. நான் அடிக்கேன்."

முதல் பெயரைப் படித்தேன். அது யார் என்று கேட்டார். சிவகிரிப் பிள்ளை, போன வருஷம் ஏழு நாள் வாயே திறக்காமல் இருந்து எட்டாம் நாள் பேச ஆரம்பித்தவள் என்றேன்.

"அடிக்கவா?"

நோட்டை மூடிவிட்டேன். நான் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவதோடு நின்றவன். பெயரை அடிப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நிலம் தேட ஆரம்பித்தோம். அண்ணாச்சிக்கு ஏக்கர், சென்ட் எதுவும் ஏறாது. அவருக்குத் தெரிந்த ஒரே அளவு பதினைந்துக்கு முப்பது அடி ஷாமியானா. தரகர் இரண்டு ஏக்கர் என்று சொன்னால், "அது கிடக்கட்டும். எத்தன ஷாமியானா விழும்?" என்பார். நான் வெயிலில் காலடி வைத்து அளந்து வருவேன். ஓரிடத்தில் தலைக்கு மேல் மின்கம்பி. இன்னோரிடத்தில் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இல்லை. எல்லாவற்றுக்கும் பொருத்தமானது ஐந்தருவி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த தென்னந்தோப்பு. வீரகேரளம்புதூரில் இருக்கும் ஒரு ரிட்டயர்டு தாசில்தாருடையது. பிள்ளைகள் கூச்சல் போட்டால் மரம் காய்க்காது என்று நேருக்கு நேராகவே மறுத்துவிட்டார்.

கேம்புக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, அதே தோப்புக்கு மேற்கே, ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த இன்னொரு தென்னந்தோப்பைக் கேரளாவில் இருக்கும் அதன் சொந்தக்காரர் போனிலேயே தரச் சம்மதித்தார். மறுநாள் காலை நல்ல நேரம் பார்த்து எட்டுப் பேரும் நின்று பந்தக்கால் நட்டோம். குழியில் நவதானியம், பால். கம்பில் மாவிலை, மஞ்சள் துணி. மூன்று பெண்களும் மஞ்சள் குங்குமம் வைத்துக் குலவை போட்டார்கள்.

குலவை ஓய்ந்ததும் தரகர் சுற்றுமுற்றும் பார்த்தார். முகம் வெளுத்தது.

"அண்ணாச்சி, நாம தாண்டினது ஓடை இல்ல. வண்டிப்பாதை. ஓடை அந்தா அங்கன கிடக்கு."

சாரல் காலமாக இருந்தால் முழங்கால் தண்ணீரில் யாருக்கும் சந்தேகமே வந்திருக்காது. மே மாதத்தில் ஓடையும் புழுதி, பாதையும் புழுதி. எங்கள் பந்தக்கால் தாசில்தாரின் தோப்பு நடுவில் நின்றது.

யாரும் பார்ப்பதற்கு முன் பிடுங்கிவிடலாம் என்று நான் பதறினேன். கம்பு நட்ட இருவரும் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டுப் பீடி குடிக்கப் போனார்கள். பெண்களில் மூத்தவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "விசேஷம் முடியாம நட்ட கால எவனாவது பிடுங்குவானாவே? பிடுங்கினவன் வீட்டுல கல்யாணம் தடைப்படும்வே. உம்ம வீட்டுல பொம்பளப் பிள்ள கிடையாதா?"

அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டார். "நட்டது நட்டதுதான். ஷாமியானாவ இறக்குங்கலே."

மறுநாள் தாசில்தார் காரில் வந்தார். அத்துமீறல், போலீஸ், கோர்ட் என்று அவர் சொன்ன ஒவ்வொன்றையும் நான் ஏற்கனவே ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்தேன். தேங்காய் வெட்டுகிறவரைப் பிடுங்கச் சொன்னார், அந்த ஆள் மரத்தில் ஏறிக்கொண்டார். டிரைவரிடம் சொன்னார், அவர் கோவிலுக்கு மாலை போட்டிருக்கிறாராம். கடைசியில் தானே சட்டைக் கையை மடித்துக் கம்பைப் பிடித்தார். அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து போன். டிரைவர் மரத்தடிக்குப் போய் தாசில்தார் வீட்டம்மாவுக்கு விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். மகளைப் பெண் பார்க்க வெள்ளிக்கிழமை வருகிறார்கள். போனில் அந்த அம்மாள் போட்ட சத்தம் எங்களுக்கே கேட்டது. சூடு பட்டது போலக் கையை எடுத்தார்.

"ஏன்வே, இது எப்ப முடியும்?"

"கேம்பு முடிஞ்சதும் நானே எடுத்துருதேன் சார்."

நூற்று நாற்பது பிள்ளைகளும் வந்தார்கள். பத்தாம் நாள் மத்தியானம் தாசில்தாரும் வந்தார். அண்ணாச்சி அவருக்கு நாற்காலி போட்டு மோர் கொடுத்தார்.

"இன்னும் முடியல சார். முடிவு விழா நடத்தினாத்தான முடிஞ்சதா அர்த்தம்?"

"எப்ப நடத்துவீரு?"

"எல்லாப் பிள்ளையளும் வந்து முடியட்டும்."

"எல்லாம்னா?"

"இந்த மாவட்டத்துல பிறந்தது, பிறக்கப் போறது, எல்லாந்தான்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். போலீஸ் ஜீப் சத்தம்கூடக் கேட்ட மாதிரி இருந்தது. திறந்தபோது தாசில்தார் மோரைக் குடித்துக்கொண்டிருந்தார். எதிரே சிவகிரிப் பிள்ளை இருபது பையன்களை அதட்டிக் கயிறு கட்ட வைத்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, இந்தத் தோப்பில் எத்தனை ஷாமியானா விழும் என்று கேட்டார். பத்தொன்பது என்றேன்.

"இருபது விழும்வே. வடக்கு மூலையை அளக்காம விட்டுட்டீரு."

குத்தகை எழுதினோம். அந்த மூலையையும் சேர்த்து.

அதற்குப் பிறகு எங்கள் கேம்புக்கு முடிவு விழா என்று ஒன்று நடந்ததே இல்லை. பந்தக்காலும் நிற்கிறது. எத்தனை சாரல் அடித்தும் உளுத்துப்போகாமல் நிற்பதற்குத் தன்னுடைய கைராசிதான் காரணம் என்று அண்ணாச்சி தென்காசி பூராவும் சொல்லிக்கொண்டு திரிகிறார். சொல்லட்டும். ஒவ்வொரு வருஷமும் சாரலுக்கு முன்னால் நான் தனியாகப் போய் கரையான் ஏறாமல் இருக்க அதன் அடியில் கரி எண்ணெய் பூசிவிட்டு வருவது அவருக்குத் தெரியாது. எண்ணெய்க் கடையில் என் பேரில் நிற்கிற பாக்கி முந்நூற்று நாற்பது ரூபாய்.