தையற்காரர் மபுலாவின் தகுதி

உலகம் தோன்றிய நாள் முதல், எங்கள் ஆப்பிரிக்க நாடான டாங்கனிகாவில் ஐம்பத்தெட்டாம் ஆண்டு வெள்ளைத் துரைமார் நடத்திய பொதுத்தேர்தலைப் போல் நேர்த்தியான தேர்தல் எங்கும் நடந்ததில்லை. ஓட்டுரிமை ‘எல்லோருக்கும்’ உண்டு. எட்டாம் வகுப்புச் சான்றிதழோ, நூற்றைம்பது பவுண்டு ஆண்டு வருமானமோ, ஏதாவதொரு பதவியோ இருந்தால் போதும். எங்கள் ஊரில் பத்தாயிரம் பேரில் முப்பத்தொரு பேருக்கு இருந்தது. வாக்காளர் பட்டியலை எழுதிய குமாஸ்தா நான். கை வலிக்கவே இல்லை.

சந்தையில் தையல் மிஷின் போட்டிருந்த மபுலா பெயர் பதிய வந்தார். தினமும் சுவாஹிலிப் பத்திரிகையை உரக்கப் படித்து, சந்தைக்கே உலகச் செய்தி சொல்பவர்.

“சான்றிதழ் எங்கே?” என்றார் மாவட்ட அதிகாரி ஹார்விங்டன் துரை.

“கரையான் தின்னுடுச்சு, துரை.”

“அப்போ நீ படிச்சதுக்கு என்ன ஆதாரம்?”

மபுலா மேஜைமேல் கிடந்த தேர்தல் அறிவிப்பை எடுத்துக் கடகடவென்று படித்துக் காட்டினார்.

“படிக்கத் தெரியுது. ஆனா படிச்சதுக்கு ஆதாரம் இல்லையே!”

எவ்வளவு நுட்பமான சட்டம்!

மபுலா வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். கருவாடு விற்கும் லிமி அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

“ஏண்ணே அழுவுற? பதவி இருந்தாலும் போதும்னுதானே சொல்றாங்க? நாமளே ஒண்ணு குடுத்துட்டாப் போச்சு!”

கூடையைக் கவிழ்த்து மேலே ஏறினாள். “சந்தைக்கு மபுலா அண்ணன் தலைவரா இருக்கட்டுமா?”

“அதெப்படி? நானும் நிக்கிறேன்!” என்றான் கறிக்கடை ங்க்வாபி.

இருவரும் பேசினார்கள். ஜனங்கள் கேள்வி கேட்டார்கள், கிண்டல் செய்தார்கள், கை தூக்கினார்கள். மபுலாவுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு, ங்க்வாபிக்குத் தொண்ணூறு. தோற்ற ங்க்வாபியே மபுலாவைத் தோளில் சுமந்து அலுவலகத்தில் இறக்கினான்.

துரை திகைத்தார். “உன்னை யார் தேர்ந்தெடுத்தது?”

“அதோ, அவங்க எல்லாரும்.”

“அவங்களுக்கு ஓட்டு இருக்கா?”

“இல்ல, துரை.”

“ஓட்டு இல்லாதவங்க எப்படித் தேர்ந்தெடுக்க முடியும்?”

“கையத் தூக்கித்தான், துரை.”

துரை சட்டத்தைப் புரட்டினார். பதவி வேண்டும் என்றுதான் இருந்தது. அதை யார் தர வேண்டும் என்று எழுத மறந்திருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தலையசைத்தார். முப்பத்திரண்டாவது பெயரை எழுதினேன். வெளியே குலவைச் சத்தம் கூரையைப் பிளந்தது.

துரை ஜன்னலைச் சாத்திவிட்டு, மேலிடத்துக்கு அறிக்கை சொல்லத் தொடங்கினார். நான் ஓர் எழுத்தும் பிசகாமல் தட்டச்சு செய்தேன்:

‘தேர்தல் என்றால் என்னவென்று இம்மக்களுக்கு இன்னும் தெரியவில்லை. எல்லோரையும் ஓட்டுப் போட விட்டுவிடுகிறார்கள்.’