கமுக்கக்காரர் குடித்த தண்ணீர்

உலகத்தில் கமுக்கக்காரர் என்றொரு இனம் உண்டு. பிறப்பால் வருவதில்லை. ஒரு மேசை, ஒரு சாவிக்கொத்து, பூட்டுப் போட ஓர் அலமாரி, இவை கிடைத்த மறுநாள் காலையிலேயே எந்த மனிதரும் இந்த இனத்தில் சேர்ந்துவிடலாம். சேர்ந்துவிட்டாரா என்று பார்க்க, மணி என்ன என்று கேளுங்கள். கைக்கடிகாரத்தைச் சட்டைக்குள் இழுத்துவிட்டுக்கொண்டு "எதுக்குக் கேக்கறீங்க?" என்றால் சேர்ந்துவிட்டார். எங்கள் ஊரில் அந்தப் பெருமை லியாண்டர் ஹிஸ்காக்குக்கு. ஊர்மன்றச் செயலர்.

நியூஃபவுண்ட்லாந்துக் கடற்கரையில் கானெட் கோவ் என்கிற எங்கள் மீன்பிடி ஊரில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. நேரே சமையலறைக்குள் நுழைந்து, தேநீர்க் கெண்டியைத் தொட்டுப் பார்த்து, சூடாக இருந்தால் உட்கார்ந்துவிடுவோம். கதவைத் தட்டுகிறவர் போலீஸாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வரி அலுவலகம். நான் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கழிவறைக் காகிதம் இந்த ஊரில் என்னிடம்தான் கிடைக்கும். ஆகவே யார் வயிறு எப்படி இருக்கிறது என்பது சொல்லாமலே எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்ல மாட்டேன், கடைக்கு வருகிறவர்களிடம் தவிர.

ஊர்மன்ற அலுவலகம் என் கடையை ஒட்டிய அறை. நடுவில் ஒற்றைப் பலகைச் சுவர். அந்தச் சுவருக்கு அப்பால் உட்கார்ந்துதான் லியாண்டர் ரகசியம் காக்கிறார். பனி அள்ளும் வண்டி எப்போது வரும்? "அது டிரைவரோட சொந்த விஷயம்." கூட்டத்தில் என்ன முடிவு செய்தீர்கள்? "வெளிய சொன்னா முடிவு பண்ணினவங்க மனசு நோகும்." மேயர் எங்கே? "அவர் எங்க இருக்கார்ங்கிறது அவரோட தனியுரிமை" என்பார். மேயர் சன்னலுக்கு வெளியே காட் மீனை அறுத்துக்கொண்டு நிற்பார். இதே மனிதர் மதியம் டின் பால் வாங்கக் கடைக்கு வந்தாரோ, யார் மருமகள் கோபித்துக்கொண்டு தாய்வீடு போனாள், பாதிரியார் எத்தனை பல்லைக் கழற்றிவைத்துவிட்டுத் தூங்குகிறார், யார் யாருக்குத் தெரியாமல் தலைக்குச் சாயம் பூசுகிறார் என்று அத்தனையையும், தின்கிற பிஸ்கட்டின் தூளோடு சேர்த்து, என் கல்லாமேல் கொட்டிவிட்டுத்தான் போவார். மூட வேண்டியது விரியத் திறந்து கிடக்கும். திறக்க வேண்டியதற்கு இரட்டைப் பூட்டு.

போன வசந்தத்தில் எஃபி பார்டியின் பேத்திக்கு, கைக்குழந்தைக்கு, வயிற்றுப்போக்கு. பால் மாவைக் கரைப்பது குழாய்த் தண்ணீரில். டாக்டர், "உங்க ஊர்த் தண்ணியைச் சோதிச்சாங்களே, முடிவு என்ன?" என்று கேட்டிருக்கிறார். மீன் ஆலையில் வேலை பார்க்கும் எஃபி, ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் ஊர்மன்றத்துக்கு ஓடிவந்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் சர்க்கரை நிறுப்பதை நிறுத்தினேன்.

"லியாண்டர், தண்ணி டெஸ்ட் முடிவு வந்திருக்காமே. குடு."

"தர முடியாது கண்ணு. சோதனைக்கு எப்பவும் யாரோ ஒருத்தர் வீட்டுச் சமையலறைக் குழாயிலதான் தண்ணி புடிப்பாங்க. அவங்க சொந்த விவரம்."

"வீட்டைச் சொல்ல வேணாம்ப்பா. தண்ணி நல்லாருக்கா, இல்லியா? அதைச் சொல்லு."

"நான் படிக்கல."

"என்னது, படிக்கலையா!"

"அடுத்தவங்க சமாசாரத்தைப் படிக்கிற பழக்கம் நமக்குக் கெடையாது ராசாத்தி. வந்தது, பூட்டிட்டேன்."

"குழந்தை குடிச்சதெல்லாம் வெளிய போகுதுய்யா! உனக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா, இல்ல அதையும் பூட்டி வெச்சிட்டியா?"

எஃபி தகவல் கேட்கும் சட்டப்படி எழுதிக் கேட்டாள். சட்டப்படி பதிலும் வந்தது. ஒரு தாள், மேலிருந்து கீழ்வரை கறுப்பு. படகுக்குத் தார் பூசுகிற மாதிரி பூசியிருந்தார் மனிதர். அதையும் படித்துவிடக் கூடாதே என்று முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு பூசினாராம். அவரே சொன்னார், டின் பால் வாங்க வந்தபோது. கூடவே குரலைத் தாழ்த்தி, "யார்கிட்டயும் மூச்சு விட்றாத. கேட்டது நம்ம எஃபிதான். பேத்திக்கு வயித்தால போகுதாம்" என்றார்.

நான் மூச்சுவிடவில்லை. கடைக்கு வந்தவர்களிடம் மட்டும் சொன்னேன். பொழுது சாய்வதற்குள் ஊரில் ஒவ்வொரு அடுப்பிலும் தண்ணீர் கொதித்தது. ஒளிக்கிறார்கள் என்றால் என்னவோ இருக்கிறது என்று யாருக்குத்தான் தோன்றாது? ஒருவருக்குத் தோன்றவில்லை. கொதிக்கவைத்தால் தகவல் கசிந்துவிட்டதாக அர்த்தமாகிவிடும் என்று, லியாண்டர் மட்டும் தன் வீட்டுக் குழாய்த் தண்ணீரை ஜாடியில் பிடித்து வந்து மேசைமேல் வைத்து, எல்லாரும் பார்க்க மடக் மடக்கென்று குடித்தார். அந்த வாரத்திலிருந்து அவர் கழிவறைக் காகிதம் வாங்குவதும் கூடியது. கேட்டால், "வீட்டுல விருந்தாளி" என்பார். ஐயோ பாவம், எந்த விருந்தாளி வந்தாலும் எனக்குத் தெரியாதா?

எஃபி விடவில்லை. செயின்ட் ஜான்ஸில் இதற்கென்றே ஆணையர் ஒருவர் இருக்கிறார். மேயருக்கும் அடங்க மாட்டார், மந்திரிக்கும் அடங்க மாட்டார். சட்டமன்றத்துக்கு மட்டும்தான் பதில் சொல்வார். ஊருக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னார்களா, தனி மனிதருடையதை மூடிவைத்தார்களா, இரண்டையும் அவர்தான் பார்ப்பார். எஃபி அங்கே புகார் செய்தாள். லியாண்டருக்கோ ஒரே குஷி. "வரட்டும். தனியுரிமையை இப்படிக் காப்பாத்தினவனை அவங்க கண்ணால பார்க்கட்டும்" என்று டை வேறு கட்டிக்கொண்டார்.

ஒருநாள் பக்கத்து அறைக் கதவு தட்டப்பட்டது. அரசாங்கம் வந்துவிட்டது என்று ஊருக்கே புரிந்தது. வந்தவர் ஆணையரின் அதிகாரி, மிஸ் ஸ்பரல். நான் சுவரோரம் இருந்த மாவு மூட்டைகளை அடுக்கப் போனேன்.

"மூலத் தாளைக் காட்டுங்க."

அலமாரி திறந்த சத்தம். பிறகு தாள் புரண்ட சத்தம்.

"மிஸ்டர் ஹிஸ்காக், இதை நீங்க படிச்சீங்களா?"

"சத்தியமா இல்லீங்க!" குரலில் அப்படி ஒரு பெருமை.

"அந்த ஜாடியைக் கீழே வெச்சிட்டு, இப்பப் படிங்க."

ஜாடி மேசையில் இடித்தது. நான் காதைப் பலகையிலேயே ஒட்டிவிட்டேன்.

"கொதிக்க வைக்காமல் குடிக்கத் தகாது... தண்ணீர் எடுத்த இடம்... எல். ஹிஸ்காக், சமையல்... இது எங்க வீடு! யாரைக் கேட்டு எங்க வீட்டுக்குள்ள வந்தாங்க?"

என்னால் அடக்க முடியவில்லை. "சோதனைக்காரரு வந்தாரு லியாண்டர்! கதவு தெறந்துதானே கெடக்கும்! மர்ட்டில் அவருக்கு ஜாம் வெச்சு பன்னுகூடக் குடுத்தா!" என்று சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்தே கத்திவிட்டேன். அவர் மனைவி மர்ட்டிலைக் குற்றம் சொல்ல முடியாது. ஆபீஸ் விஷயத்தை வீட்டில் பேசாதே என்று வாயை அடைத்து வைத்திருந்தது யார்?

மிஸ் ஸ்பரல் குரலை உயர்த்தவில்லை. "வீட்டுக்காரர் பேர் ஒரே ஒரு வரி. அதை மட்டும் மறைச்சிட்டு மீதியை அன்னைக்கே குடுத்திருக்கணும். தண்ணிக்கு ஏதுங்க தனியுரிமை? அது போகட்டும். கேட்டது யாருன்னு வெளிய தெரியவே கூடாது. அதை ஊருக்குச் சொன்னது யாரு?"

"ஊருக்கா? ஐயோ, நான் கடைக்காரன் ஒருத்தன்கிட்டதான் சொன்னேன்!"

மாவு மூட்டைகளை நான் மறுபடி முதலிலிருந்து அடுக்கத் தொடங்கினேன்.

எஃபிக்குத் தாள் கிடைத்தது, ஒரு வரி மட்டும் கறுப்பாக. பேத்தி அதற்குள் தேறியிருந்தாள். எஃபியின் கோபம் தேறவில்லை. என் கடையில் நின்று அவள் அதைப் படிக்கும்போது, லியாண்டர் கழிவறைக் காகிதத்தைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டிருந்தார். எஃபி அந்தக் கறுப்பு வரியைப் பார்த்தாள். அவர் கோட்டைப் பார்த்தாள்.

"யாரு வீடுன்னு நான் கேக்கவே மாட்டேன் லியாண்டர். என் பேத்தி துவண்டு கெடந்தப்ப நீ சொன்னியே, அது அவங்க சொந்த விவரம். உடம்பைப் பாத்துக்க."

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் குடியிருப்பில் மொட்டைமாடித் தொட்டியைக் கடைசியாகக் கழுவியது எப்போது என்று யாராவது கேட்டால், "அது சங்கத்து விஷயம் சார், கமிட்டியில பேசிக்கலாம்" என்று சொல்கிறவர் நீங்கள் இல்லையே? கேட்டவர் படியிறங்குவதற்குள், அவர் மகன் வேலையை விட்ட கதையை எதிர் வீட்டுக்குச் சொல்கிறவரும் நீங்கள் இல்லையே? எனக்குப் பதில் வேண்டாம், அது உங்கள் சொந்த விவரம். தண்ணீரை மட்டும் கொதிக்கவைத்துக் குடியுங்கள். உங்கள் வீட்டுக்கும் அதே தொட்டிதான்.